வெளிச்சத்துக்கு ஒரு கால அட்டவணை

பேருந்துக் கழகத்தின் கால அட்டவணைப் பிரிவில் முப்பத்தோரு வருஷம் உட்கார்ந்து எழுந்த மனிதரை, ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் வைத்துக்கொள்வது லேசுப்பட்ட காரியமில்லை. முதல் வாரமே அவர் குளியலறைக் கதவில் ஒரு தாளை ஒட்டினார். யார் எத்தனை மணிக்குக் குளிக்க வேண்டும் என்பதற்கான அட்டவணை அது. வீட்டில் இருப்பதோ இரண்டே பேர், அவரும் அவர் மனைவியும்.

அவள் கையில் துண்டோடு நின்று அந்தத் தாளை முழுக்கப் படித்தாள்.

"ஆறு அம்பதுலேர்ந்து ஏழு அஞ்சு வரைக்கும் யாருக்கும் இல்லைன்னு போட்டிருக்கே, அது எதுக்கு?"

"அது இடைவெளி. முன்னாடி போனவங்க லேட் பண்ணினா, பின்னாடி வர்றவங்களைப் பாதிக்கக் கூடாதுல்ல?"

"முன்னாடி போறது நான். பின்னாடி போறது நீங்க. இதுல யாரு படிக்கட்டுல தொங்கிக்கிட்டு வரப் போறாங்க?"

சொல்லிவிட்டு உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். அட்டவணைப்படி அது அவருடைய நேரம்.

அலுவலகத்தில் அவருக்கு 'நிமிஷம்' என்று பட்டப்பெயர். "ஒரு நிமிஷம் வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு யாராவது எழுந்து போனால், அறுபத்தோராவது விநாடியில் தலையை நிமிர்த்தி வாசலைப் பார்ப்பார். அந்தப் பெயர் எப்படியோ வீட்டுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. வெளியூரில் வேலை பார்க்கும் மகள்கூடப் போனில் அம்மாவிடம், "நிமிஷம் எப்படியிருக்கார்?" என்றுதான் விசாரிப்பாள்.

மனைவி ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவளாக இருந்தவள். இருபத்தேழு வருஷம் ஜன்னல் இல்லாத ஓர் அறையில், கனத்த மேலங்கியை மாட்டிக்கொண்டு, "மூச்சை இழுத்துப் பிடிங்க... விடுங்க" என்று சொல்லிச் சொல்லியே காலத்தை ஓட்டியவள். அந்த அறையில் பார்க்கக் கிடைத்த நிறங்கள் மூன்று. கறுப்பு, வெள்ளை, இரண்டுக்கும் நடுவில் சாம்பல். அவர் ஓய்வு பெறுவதற்கு மூன்று மாதம் முன்னாலேயே அவள் ஓய்வு பெற்றுவிட்டாள். சும்மா இருக்காமல் நூலகத்தின் மாடியில் சனிக்கிழமை தோறும் நடக்கும் ஓவிய வகுப்பில் போய்ச் சேர்ந்துகொண்டாள். முதல் நாளே அந்த வாத்தியார், "கறுப்பு டியூபை வீட்டிலேயே வெச்சுட்டு வாங்க. நிழல்ல கறுப்பு கிடையாது. நல்லாப் பாருங்க, ஊதா இருக்கும், பச்சை இருக்கும், சமயத்துல சிவப்புகூட இருக்கும்" என்று சொன்னாராம். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள் கறுப்பு டியூபை எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டுக் கை கழுவினாள். ஒரு மனுஷி ஒரு நிறத்தோடு இவ்வளவு திருப்தியாக உறவை முறித்துக்கொண்டதை அவர் அதற்கு முன்பு பார்த்ததில்லை.

நாலு மாதம் கிண்ணமும் ஆப்பிளும் வரைந்த பிறகு, வாத்தியார் எல்லாரையும் வெளியே விரட்டினார். நாலு தெரு தள்ளி ஒரு பொதுத் தோட்டம் இருந்தது. அதன் நடுவில் ஒரு குளம். குளத்தில் அல்லி, குறுக்கே ஒரு சின்ன மரப்பாலம், கரையில் கிளைகளைத் தண்ணீர் வரைக்கும் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கும் ஒரு கிழட்டு மரம். காலை ஆறு மணிக்கே அவள் அங்கே போய்விட ஆரம்பித்தாள். ஸ்டாண்டு, மடக்கு முக்காலி, வர்ணப் பெட்டி, தேநீர் பிளாஸ்க் எல்லாவற்றையும் ஒருத்தியால் தூக்க முடியாது என்ற சாக்கில் அவரும் கூடப் போனார். வீட்டில் தனியாக இருந்தால் ஒழுங்குபடுத்த ஆள் கிடைக்காது என்பதுதான் உண்மையான காரணம்.

முதல் வாரம் அவள் தினமும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே திரும்பி வந்தாள்.

"என்ன ஆச்சு?"

"ஓடிப் போயிடுச்சு."

"எது?"

"வெளிச்சம். தண்ணி மேல ஒரு நீலம் இருந்துச்சு. அதைக் கலக்கி முடிச்சுத் தலையைத் தூக்குறேன், நீலத்தைக் காணோம், பச்சையா நிக்குது. சரின்னு பச்சையைக் கலக்கினா, அதுக்குள்ள எல்லாம் மஞ்சள். ஒரே படத்துல மூணு காலை வந்து உக்காந்துக்கிச்சு. வாத்தியார் பார்த்துட்டு, 'இது எத்தனை மணிம்மா?'ன்னு கேட்டார். எனக்கே தெரியல."

நிமிஷத்துக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவரிடம் யாரும் மணி கேட்கவில்லை. இங்கே ஒரு வேலை இருக்கிறது. வரவேண்டிய நேரத்துக்கு ஏதோ ஒன்று வருகிறது, போகிறது. எப்போது வருகிறது, எப்போது போகிறது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அவ்வளவுதானே?

மறுநாளிலிருந்து ஒரு வாரம், நோட்டும் பென்சிலுமாகப் பாலத்தின் மேல் போய் நின்றார். அங்கே நின்றால்தான் கிழக்கு வானமும் குளமும் ஒரே பார்வையில் கிடைத்தன. எட்டாம் நாள் காலை உணவு மேசையின் மேல் ஓர் அட்டவணை வந்து உட்கார்ந்தது. அடிக்கோல் வைத்து இழுத்த கோடுகள், முத்து முத்தான எழுத்து.

ஒன்றாம் நம்பர் வெளிச்சம், ஆறு ஐந்து முதல் ஆறு இருபத்தைந்து வரை: சாம்பல் நீலம், பூக்கள் மூடியிருக்கும். இரண்டாம் நம்பர், ஆறு இருபத்தைந்து முதல் ஆறு நாற்பத்தைந்து வரை: வெளிர் ஊதா, பாலம் தெளிவாகத் தெரியத் தொடங்கும். இப்படியே போய் ஒன்பது மணி ஐந்து நிமிஷத்துக்கு ஒன்பதாம் நம்பரோடு முடிந்தது. அதற்கு எதிரே, 'கூசும். சேவை நிறைவு' என்று எழுதியிருந்தார். அடியில் ஒரு குறிப்பு வேறு: 'சூரிய உதயம் மாறுவதால் வாரம் ஒரு முறை திருத்தப்படும்.'

"வெளிச்சம் ஒவ்வொண்ணுக்கும் ஒரு கேன்வாஸ். அந்த வெளிச்சம் போனதும் கேன்வாஸை மாத்திடணும். மறுநாள் அதே நேரத்துக்கு அதே கேன்வாஸ் வரும். விட்ட இடத்துலேர்ந்து தொடங்கலாம்" என்றார்.

அவள் அதைக் கையில் எடுத்து, எக்ஸ்ரே படத்தைப் பார்க்கிறவள்போல ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"உடைஞ்சிருக்கிற மாதிரி ஒண்ணும் தெரியல" என்றாள். "சரி, போட்டுப் பார்ப்போம்."

மகள் போனில் சிரி சிரியென்று சிரித்தாள். "அம்மா, கடைசியில சூரியனையே வேலைக்கு வெச்சுட்டாரா?"

ஆனால் கிண்டல் செய்தவர்களே ஒப்புக்கொள்ளும்படி அந்த ஏற்பாடு நன்றாகவே ஓடியது. அவர் தட்டளவு கேன்வாஸ்கள் ஒன்பது வாங்கி, முதுகில் நம்பர் எழுதினார். ஈர வர்ணம் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க, ஒன்பது காடிப் பள்ளம் வைத்த மரச் சட்டம் ஒன்றைத் தானே அறுத்துச் செய்து, காய்கறி வாங்கப் போகும் சக்கர வண்டியில் பொருத்தினார். பாலத்தின் மேல் நின்று மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பார். நேரம் வந்ததும் கையைத் தூக்குவார். விடுவிடுவென்று இறங்கி வந்து, ஒன்றை எடுத்து இன்னொன்றை வைப்பார். "மூணாம் நம்பர்!" என்று ஒரு குரல் வேறு கொடுப்பார்.

தோட்டக்காரருக்கு இது தினசரி வேடிக்கையாகிவிட்டது. அவர் நாற்பது வயது மனிதர். எதையும் அவசரமில்லாமல் செய்கிறவர். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, "சார், நாலாம் நம்பர் இன்னிக்கு நேரத்துக்கு வருமா? கொஞ்சம் மேகமா இருக்கே?" என்று முகத்தை வெகு மரியாதையாக வைத்துக்கொண்டு கேட்பார்.

"அஞ்சு நிமிஷம் தாமதமாகலாம்" என்பார் நிமிஷம், கிண்டல் என்பதே தெரியாமல்.

குளத்தில் ஒரு நீரூற்று உண்டு. ஏழு மணிக்குத் தோட்டக்காரர் அதைத் திறந்துவிட்டால் தண்ணீர் கலங்கி, மரமும் பாலமும் தலைகீழாகத் தெரிந்ததெல்லாம் நொறுங்கிப் போய்விடும். நிமிஷம் அதற்கு முறைப்படி ஒரு கடிதம் எழுதினார். 'நான்கு முதல் ஆறு வரையிலான வெளிச்சங்களின் நலன் கருதி' நீரூற்றை எட்டு மணி ஐந்து நிமிஷத்துக்குத் திறக்குமாறு கேட்டுக்கொண்டிருந்தார். தோட்டக்காரர் அந்தக் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "வாயால சொன்னாலே செஞ்சிருப்பேன் சார். ஆனா எனக்கு இதுவரைக்கும் யாரும் கடிதம் போட்டதில்ல. இருக்கட்டும்" என்றார்.

எல்லாம் சரியாகப் போனதுதான் வினையாகிப் போனது. மூன்று வாரம் போனதும் நிமிஷத்துக்குத் தன் அட்டவணை மேல் இருந்த நம்பிக்கை, குளத்தின் மேல் இருந்ததைவிட அதிகமாகிவிட்டது.

"நாலாம் நம்பர்ல இன்னும் கொஞ்சம் மஞ்சள் வரணுமே?" என்பார் தோள்வழியாக எட்டிப் பார்த்து.

"இன்னிக்கு மஞ்சள் இல்ல."

"அட்டவணையில இருக்கே."

"அப்ப அட்டவணையைப் போய் வரையச் சொல்லுங்க. மூச்சை இழுத்துப் பிடிங்க. பேசாதீங்க."

அவர் மூச்சைப் பிடித்துக்கொள்வார். அரை நிமிஷம்கூடத் தாங்காது.

"கிட்ட பார்த்தா ஒண்ணுமே புரியலையே. வெறும் தீற்றல் தீற்றலா இருக்கு. இது இலையா, தண்ணியா?"

"எட்ட நின்னு பாருங்க. தானா தெரியும்."

"எட்ட நிக்க எனக்கு நேரம் ஏது?" என்று சொல்லிக்கொண்டே பாலத்துக்கு ஓடிவிடுவார். இப்படியாகத் தன் மனைவி வரைந்த ஒன்பது படங்களையும் தினமும் கையால் தொட்டு எடுத்தவர், அவற்றில் ஒன்றைக்கூட முழுதாகப் பார்த்ததில்லை. முதுகிலுள்ள நம்பரைப் பார்ப்பார், நிறத்தை அட்டவணையோடு ஒப்பிடுவார், காடியில் செருகுவார். அதோடு சரி.

நாலாவது வாரம் செவ்வாய்க்கிழமை அது நடந்தது. அன்றைக்குக் குளத்தின் மேல் புகைபோலப் பனி மூட்டம் கிடந்தது. ஸ்டாண்டில் இரண்டாம் நம்பர் இருந்தது. ஆறு நாற்பத்து மூன்றுக்கு, எங்கிருந்தோ ஒரு வெளிச்சக் கீற்று அந்த மூட்டத்துக்குள் நுழைந்தது. நுழைந்ததுதான் தாமதம், மூட்டம் முழுக்க ரோஜா நிறமாகிவிட்டது. தண்ணீரில் இருந்ததா, காற்றில் இருந்ததா என்று சொல்ல முடியாத ஒரு நிறம். அல்லிகள் அதில் மிதந்தனவா, தொங்கினவா என்றே தெரியவில்லை. அவள் மூச்சுவிடவும் மறந்து தூரிகையை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

பாலத்தின் மேல் கை உயர்ந்தது. ஆறு நாற்பத்தைந்து.

"இருங்க, இருங்க, இருங்க" என்றாள் அவள், திரும்பாமலே.

அவர் வந்துவிட்டார். "மூணாம் நம்பர்!" என்று குரல் கொடுத்துக்கொண்டே ஸ்டாண்டிலிருந்து இரண்டாம் நம்பரைப் பிடித்து எடுத்தார். அவள் தூரிகை அந்தரத்தில் நின்றது. அவருடைய கட்டைவிரல், ஈரமாயிருந்த ரோஜா நிறத்தின் மேல் குறுக்கே வழுக்கிக்கொண்டு போனது.

அவர் மூன்றாம் நம்பரை வைத்து நிமிர்வதற்குள் குளத்தில் அந்த நிறம் இல்லை. மூட்டம் வெறும் மூட்டமாக வெளுத்துக் கிடந்தது.

அவள் கத்தியிருந்தால்கூட அவருக்குப் பழகியிருக்கும். அவள் கத்தவில்லை. நோயாளிகளிடம் பேசுவாளே, அந்தத் தணிந்த குரலில் பேசினாள்.

"இருபத்தேழு வருஷம் இருட்டுல நின்னு அடுத்தவங்க எலும்பைப் பார்த்தேன். இப்பதான் வெளியில வந்து ஒண்ணைப் பார்க்குறேன். அதையும் நீங்க டோக்கன் குடுத்துக் கூப்பிடுறீங்க."

"இல்லம்மா, அட்டவணைப்படி..."

"அந்த அட்டவணையை நீங்களே வெச்சுக்குங்க. நான் வீட்டுக்குப் போறேன்."

தூரிகையைத் துடைத்துப் பெட்டியில் வைத்தாள். பிளாஸ்கை மட்டும் எடுத்துக்கொண்டாள். அவருக்குத் தேநீர் கிடையாது என்பது அதிலேயே தெரிந்துவிட்டது. திரும்பிப் பார்க்காமல் வாசலைத் தாண்டிப் போய்விட்டாள்.

தோட்டக்காரர் வாளியோடு மெல்ல நகர்ந்து வந்தார். "அம்மா ஒன்பதாம் நம்பர் வரைக்கும் இருப்பாங்களே சார்?"

"இன்னிக்குச் சேவை ரத்து" என்றார் நிமிஷம்.

உடனே பின்னால் போக மானம் இடம் கொடுக்கவில்லை. போய்த்தான் என்ன சொல்வது? அவள் முக்காலியில் உட்கார்ந்தார். அதில் அவர் உட்கார்வது அதுதான் முதல் தடவை. எதிரில் குளம் கிடந்தது. சரி, மூன்றாம் நம்பர் எப்போது நான்காம் நம்பராக மாறுகிறது என்று துல்லியமாகக் குறித்துவிட்டால், அட்டவணை சரியானதுதான் என்று நிரூபித்துவிடலாம் என்று நினைத்தார். சண்டை போட்டுவிட்டுப் போன மனைவியைச் சமாதானப்படுத்த இப்படி ஒரு வழி உண்டு என்று அவர் உண்மையாகவே நம்பினார்.

தண்ணீரையே பார்த்தார். இதோ மாறப் போகிறது என்று நினைத்த இடத்தில் மாறவில்லை. மாறவில்லையே என்று நினைத்தபோது எப்போதோ மாறிவிட்டிருந்தது. ஓர் அல்லி இலையைப் பிடித்துக்கொண்டு அதையே கவனித்தார். அதன் விளிம்பு வெள்ளியாக இருந்தது. கண்ணைச் சிமிட்டினார். வெள்ளி நடுவுக்கு வந்திருந்தது. பக்கத்து இலையில் அது வேறு மாதிரி நடந்தது. மரத்தடியில் இன்னும் இரண்டாம் நம்பரே நின்றுகொண்டிருக்க, பாலத்துக்கு அப்பால் ஐந்தாம் நம்பர் வந்து சேர்ந்திருந்தது. ஒரே குளத்தில் ஒரே சமயத்தில் நாலு வெளிச்சம். இதில் எதற்கு மணி போடுவது? பென்சிலை நோட்டின் மேல் வைத்தவர், வைத்தபடியே இருந்தார். முப்பத்தோரு வருஷத்தில் முதல் முறையாக ஒரு கட்டத்தை நிரப்ப முடியாமல் விட்டார்.

எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தாரோ, பார்த்துக்கொண்டிருந்த தண்ணீரில் திடீரென்று வட்டம் வட்டமாக விழ ஆரம்பித்தது. மழை.

கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை அவருக்கு. ஒன்பது படங்கள்! மூன்றரை வாரத்து வேலை! ஸ்டாண்டில் இருந்ததைப் பிடுங்கிக் காடியில் செருகினார். மேல்கோட்டைக் கழற்றிச் சட்டத்தின் மேல் போர்த்தினார். அது போதவில்லை. சட்டையையும் கழற்றிப் போட்டார். பனியனோடு, வழுக்கைத் தலையில் மழை தாளம் போட, வண்டியை இழுத்துக்கொண்டு ஓடினார். தோட்டக்காரர் தன் கருவிகள் வைக்கும் கொட்டகையின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தார்.

"உள்ள வாங்க சார். இங்க வெச்சு ஈரத்தை ஒத்தி எடுத்துடலாம்."

படங்களை ஒவ்வொன்றாக எடுத்து, மண்வெட்டிக்கும் உர மூட்டைக்கும் நடுவில் சுவரோரமாகச் சாய்த்து வைத்தார்கள். நிமிஷம் குனிந்து ஒரு பழந்துணியால் ஓரங்களை ஒத்திக்கொண்டிருந்தார். தோட்டக்காரர் கதவருகே போய் நின்று, அங்கிருந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது.

"என்னய்யா சிரிப்பு?"

"ஒண்ணுமில்ல சார். எல்லாத்துலயும் நீங்க இருக்கீங்க."

"நானா? எங்க?"

"அங்கேர்ந்து தெரியாது. இங்க வாங்க."

நிமிஷம் எழுந்து கதவருகே வந்தார். கொட்டகையின் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் ஆறேழு அடிதான் இருக்கும். திரும்பிப் பார்த்தார்.

தீற்றல்களெல்லாம் ஒன்றுசேர்ந்து குளமாகியிருந்தன. ஒன்பது குளம். ஒன்றில் இன்னும் விடியவில்லை. ஒன்றில் வெயில் இலைகளின் மேல் காசு காசாகச் சிதறிக் கிடந்தது. ஒன்றில் மரத்தின் நிழல், வாத்தியார் சொன்னதுபோலவே, ஊதாவாகத் தண்ணீருக்குள் இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. எல்லாவற்றிலும், பாலத்தின் நடுவில், இரண்டே இரண்டு தூரிகைத் தீற்றலில் ஓர் ஆள். கொஞ்சம் கூனல். தலை குனிந்து, மணிக்கட்டை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

ஒன்றாம் நம்பரில் அந்த ஆள் சாம்பல். மூன்றில் நீலம். ஐந்தில் தலையில் மட்டும் ஒரு சொட்டு மஞ்சள், வழுக்கையில் வெயில் படுகிறதாம். ஏழில் பாதி உருகித் தண்ணீரில் ஒழுகிக்கொண்டிருந்தான். வெளிச்சம் எல்லாவற்றையும் மாற்றியிருந்தது, அவன் நின்ற விதத்தை மட்டும் மாற்றவில்லை. சுற்றிலும் அவ்வளவு பெரிய காலை வந்து இறங்கிக்கொண்டிருக்க, ஒன்பது படத்தில் ஒன்றில்கூட அந்த ஆள் குளத்தைப் பார்க்கவில்லை.

நிமிஷத்தின் முகத்தில் ஈயாடவில்லை.

"அப்படியேதான் சார் இருக்கு" என்றார் தோட்டக்காரர், ஆறுதல் சொல்கிற மாதிரி. "அந்த முதுகு இருக்கு பாருங்க, அச்சு அசல்."

மழை விட்டதும் வண்டியை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். கதவைத் திறந்த மனைவி, பனியனோடு சொட்டச் சொட்ட நின்றவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

"சட்டை எங்க?"

"படத்து மேல."

"எதுக்கு?"

"மழையில கரைஞ்சுடக் கூடாதுன்னு."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். கோபத்தை அடக்குகிறாளா, வேறெதையாவதா என்று அவருக்குப் புரியவில்லை.

"ஏங்க, அது எண்ணெய் வர்ணம். தண்ணி ஒண்ணும் பண்ணாது. அப்படியே நனைய விட்டிருந்தாலும் துடைச்சு வெச்சிருக்கலாம்."

தரையில் தண்ணீர் சேர்ந்துகொண்டிருந்தது. அவள் உள்ளே போய்த் துண்டு கொண்டுவந்து அவர் தலையில் போட்டாள்.

துண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. "பாலத்து மேல நிக்கிறது நானா?"

"எது?"

"அதான், கொக்கு மாதிரி ஒண்ணு நிக்குதே."

"ஓ, பார்த்துட்டீங்களா?" என்றாள். "மூணு வாரமா தினம் கையில எடுத்து எடுத்து வெச்சீங்களே, எப்பதான் கண்ணுல படும்னு நானும் பார்த்துக்கிட்டே இருந்தேன். வகுப்புல எல்லாருக்கும் தெரியும். வாத்தியாருக்கு ரொம்பப் புடிச்சுப் போச்சு."

"எல்லாருக்கும் தெரியுமா?"

"நம்ம பொண்ணுக்கும் தெரியும். போட்டோ எடுத்து அனுப்பியிருந்தேன்."

துண்டு அப்படியே அசையாமல் இருந்தது. அதற்குள் அவர் அழுகிறாரோ என்று அவளுக்கே ஒரு கணம் பயம் வந்துவிட்டது. விலக்கிப் பார்த்தாள். சிரித்துக்கொண்டிருந்தார். சத்தமில்லாமல், கண்ணில் நீர் வர.

"ரெண்டாம் நம்பர்ல என் கை பட்டுடுச்சு" என்றார் பிறகு. "அந்த ரோஸ் கலர். நான் அதைப் பார்க்கவே இல்ல, தெரியுமா? மணியைத்தான் பார்த்தேன். அது எப்படி இருந்துச்சு?"

பதில் சொல்ல வாயெடுத்தவள், இரண்டாம் நம்பரைக் காடியிலிருந்து உருவி, அலமாரி மேல் நிறுத்தி வைத்து, அவர் கையைப் பிடித்துக் கூடத்தின் அந்தக் கோடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அவர் விரல் இழுத்த இடத்தில் ரோஜா நிறம் நீளமாகக் கலைந்து, மூட்டத்துக்குள் எதுவோ அப்போதுதான் ஓடிப்போன மாதிரி இருந்தது.

"இப்படித்தான்" என்றாள். "கிட்டத்தட்ட."

அதைத் திருத்த வேண்டாம் என்று முடிவு செய்தாள். அதற்காக அவரை மன்னித்துவிட்டாள் என்று அர்த்தமில்லை. மூன்று நாள் தேநீரில் சர்க்கரை போடவில்லை.

அடுத்த மாதம் நூலகத்தின் மாடிச் சுவரில் வகுப்பில் உள்ளவர்களின் படங்களைத் தொங்கவிட்டார்கள். ஒன்பது படங்களையும் நூலகக்காரர் தன் இஷ்டத்துக்கு மாட்டியிருந்தார். ஏழுக்குப் பக்கத்தில் ஒன்று, ஒன்றுக்குப் பக்கத்தில் நான்கு. நிமிஷம் அவற்றின் முன்னால் போய் நின்றபோது அவர் விரல்கள் தானாகத் துடித்தன. ஆணியில் கை வைக்கப் போனவர், மனைவி பார்க்கிறாள் என்று தெரிந்ததும் அந்தக் கையாலேயே தலையைச் சொறிந்துகொண்டார். படம் பார்க்க வந்த ஒரு பெண், பாலத்து ஆளைச் சுட்டிக்காட்டி, "பாவம், யாருக்காக இவ்வளவு நேரம் காத்துக்கிட்டு இருக்கார்?" என்று கேட்டாள்.

"பஸ்ஸுக்கு" என்றாள் மனைவி.

கூட்டத்தில் எல்லாரும் சிரித்தார்கள். எல்லாரையும்விட ஒரு விநாடி முன்னால் சிரித்தவர் நிமிஷம்தான்.

இப்போதும் அவர்கள் காலையில் தோட்டத்துக்குப் போகிறார்கள். அட்டவணை வாராவாரம் திருத்தப்படுகிறது. அதை நிறுத்தச் சொன்னால் அவர் உடம்புக்கு ஏதாவது வந்துவிடும் என்று அவளே விட்டுவிட்டாள். ஆனால் கேன்வாஸை எப்போது மாற்றுவது என்பதை அவள்தான் சொல்வாள். அவருக்கென்று இன்னொரு மடக்கு முக்காலி வந்திருக்கிறது. முதல் சில நாள் அதில் அவரால் உட்காரவே முடியவில்லை, காலை ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு அதுவும் பழகிவிட்டது. சில சமயம் அவள் கவனிக்காததை அவர் கவனித்துச் சொல்கிறார். "மரத்தடியில பாரு, இன்னும் விடியல." அவள் பார்த்துவிட்டு, "ஆமாங்க" என்று ஊதாவைக் கலக்குவாள்.

மூட்டம் போட்ட ஒரு காலையில் பத்தாவது படத்தை முடித்தாள். அதற்கு அவர் இன்னும் நம்பர் போடவில்லை. எழுந்து, பின்னாலேயே பத்தடி நடந்து போய், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தார். குளம் இருந்தது. பாலம் இருந்தது. பாலத்தின் மேல் ஒன்றுமில்லை.

"நான் எங்க?" என்றார். குரலில் கொஞ்சம் மனத்தாங்கல்கூட இருந்தது.

"பக்கத்துலதானே உக்காந்திருந்தீங்க? உங்களைத் திரும்பிப் பார்த்து வரைஞ்சா, அதுக்குள்ள இது போயிடும்."

தோட்டக்காரர் அக்கரையிலிருந்து நீரூற்றைத் திறந்துவிடலாமா என்று கையால் ஜாடை கேட்டார். நிமிஷம் அவளைப் பார்த்தார். அவள் குளத்தைப் பார்த்தபடியே, இன்னும் கொஞ்சம் போகட்டும் என்று தலையை அசைத்தாள். அவர் கையைத் தூக்கி, "இருய்யா, கொஞ்ச நேரம்!" என்று கத்திவிட்டு, முக்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கொஞ்ச நேரம்னா எத்தனை நிமிஷம் சார்?" என்று அக்கரையிலிருந்து கேள்வி வந்தது.

அவர் பிளாஸ்கைத் திறந்து தேநீரை இரண்டாகப் பகிர்ந்து ஊற்றிக்கொண்டிருந்தார்.